முகவரி கேட்கும் குரல்கள்: நகர இளைஞரின் ராப் பாடலும் விவரணப்படமும் – ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதுவோர் சான்றுகளைத் தேடுகையில் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரச ஆவணங்களையும் முதலில் நாடுவது வழக்கம். அவை எழுத்தறிவும் அதிகாரமும் உடையோர் விட்டுச் சென்ற தடயங்கள். கோட்டை கட்டியவனின் பெயர் கல்லிலே நிற்கும். கல் சுமந்தவனின் பாட்டு காற்றோடு போகும். இக்குறையை உணர்ந்த ஆய்வாளர் கடந்த நூற்றாண்டிலே வாய்மொழி வழக்காறுகளின்பால் தம் கவனத்தைத் திருப்பினர். நாட்டார் பாடலும் கதைப்பாடலும் கூத்தும் வரலாற்றுச் சான்றுகளாக ஏற்கப்பட்டன. ஆயின், கிராமத்தின் வாய்மொழிக்கு அளிக்கப்பட்ட இம்மதிப்பு நகரத்தின் வாய்மொழிக்கு இன்னும் முழுமையாக அளிக்கப்பட்டதாகக் கூறுதற்கில்லை. நகரத்துச் சந்துகளிலே இளைஞர் தாளத்துக்கு இயைய அடுக்கிச் சொல்லும் ராப் பாடலைப் பொழுதுபோக்கென்றோ மேனாட்டு மோகமென்றோ ஒதுக்கிவிடும் மனப்பாங்கே நம்மிடையே மேலோங்கி நிற்கின்றது.

இந்த இளைஞரைப் பற்றிய முதன்மையான வரலாற்றுப் பதிவு நூல்வடிவில் அன்றி விவரணப்பட வடிவிலேயே பெரிதும் கிடைக்கின்றது. நியூயோர்க், பம்பாய், லண்டன் ஆகிய மூன்று பெருநகரங்களில் எழுந்த மூன்று விவரணப்படங்களை எடுத்துக்கொண்டு, அவை எத்தகைய சமூகச் சூழலில் தோன்றின, எதனைப் பாதுகாத்தன, எதனைக் கைவிட்டன என்பவற்றை ஆராய்ந்து, அவ்வொளியில் நமது கொழும்பு மாநகரையும் அதன் தமிழ் இளைஞரையும் நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

சொற்போர் என்னும் பழைய கலை

ராப் என்பது இசையோடு பாடுவதன்று, தாளத்தோடு சொல்வது. எதுகையும் இயைபும் அதன் உயிர்நிலை. எதிரியை வைதும் தன்னைப் புகழ்ந்தும் அவ்விடத்திலேயே கட்டிச் சொல்லும் திறனே அதன் கலைஞனுக்கு அளவுகோல். இத்தகைய கலை மனித சமுதாயத்துக்குப் புதியதன்று. மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டிலே வடசேரியாரும் தென்சேரியாரும் ஒருவரையொருவர் வசைபாடும் மரபு உண்டு. தமிழகத்தின் இலாவணியிலே, மன்மதன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறுகட்சியும் விடிய விடியப் பாடி வாதிட்டன. கொழும்பிலும் மேற்குக் கரையோரத்திலும் வாத பைலா என்னும் போட்டிப் பாட்டு சிங்கள மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. போர்த்துக்கேயர் காலத்து இசை மரபுகளின் வழிவந்த பைலாவை, பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் 1940களில் நகர மக்களின் பாட்டாக வளர்த்தெடுத்தார் என்பர்.

வாய்மொழிப் புலவன் எவ்வாறு அவ்விடத்திலேயே பாட்டுக் கட்டுகிறான் என்னும் வினாவுக்கு விடை காண 1930களில் மில்மன் பரி என்னும் அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவுக்குச் சென்று, அந்நாட்டுப் பாடகரின் குரல்களை ஒலித்தட்டுகளில் பதிவு செய்தார். அவர்தம் மாணவர் அல்பேட் லோட் அவ்வாய்வைத் தொடர்ந்தார். இவ்வாய்வு நெறியைச் சங்கப் பாடல்களுக்குப் பிரயோகித்தவர் நமது பேராசிரியர் க. கைலாசபதி. 1968 இல் வெளிவந்த அவருடைய வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல், பாணரும் பொருநரும் வழங்கிய வாய்பாடுகளையும் அடுக்குத் தொடர்களையும் எடுத்துக்காட்டி, சங்கப் பாடல் வாய்மொழி மரபில் வேரூன்றியது என நிறுவ முயன்றது. எழுதாக் கவிக்கும் இலக்கணம் உண்டு என்பதை அந்நூல் நமக்கு உணர்த்திற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இவை கூறப்படவில்லை. இலாவணியிலிருந்து ராப் பிறக்கவில்லை. எழுதும் வசதியோ இசைக்கருவி வாங்கும் வசதியோ அற்ற மக்கட் கூட்டம், தன்னிடம் எஞ்சியுள்ள நாவையே கருவியாக்கிக் கொள்ளும் என்பதே இவ்வொப்புமைகள் காட்டும் பொது உண்மை. ஒரு கலைவடிவத்தின் பிறப்பைப் பொருளியற் சூழலிலே தேடவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பாதையும் இடிபாடும்

ராப் பிறந்த சூழல் நன்கறியப்பட்டது. நியூயோர்க் நகரின் புரோங்ஸ் பகுதியை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெரு, ரொபேட் மோசஸ் என்னும் நகர நிர்மாண அதிகாரியின் திட்டத்தின்படி 1948 முதல் 1972 வரை கட்டப்பட்டது. அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியெழுப்பப்பட்டன. வசதி படைத்தோர் புறநகர்களுக்குச் சென்றனர். எஞ்சியோர் கறுப்பின மக்களும் புவேட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரும். 1970களில் அங்கே கட்டடங்கள் தொடர்ச்சியாகத் தீக்கிரையாயின. 1975 இல் நியூயோர்க் மாநகரமே வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. பாடசாலைகளுக்கும் பொதுச் சேவைகளுக்குமான செலவு வெட்டப்பட்டது.

இந்த இடிபாடுகளின் நடுவே, 1973 ஓகஸ்ட் 11 ஆந் திகதி, செஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கக் குடியிருப்பின் பொது அறையில், யமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த கிளைவ் காம்பெல் என்னும் இளைஞர் தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தொன்றில் இசைத்தட்டுகளை ஓட்டினார். கூல் ஹேர்க் என அறியப்பட்ட அவர், பாடலில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டி ஒலிக்கச் செய்தமையும், அதன்மீது சொற்களை வீசியமையும் ஹிப் ஹொப் கலையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. 1979 இல் இக்கலை இசைத்தட்டு வணிகத்திலே பெருவெற்றி ஈட்டியது. 1982 இல் வெளிவந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் பாடலொன்று சேரி வாழ்வின் அவலத்தை வெளிப்படையாகப் பேசி, ராப் வெறும் விருந்துப் பாட்டன்று என உலகுக்கு உணர்த்திற்று.

ரோனி சில்வர் நெறிப்படுத்தி ஹென்றி சால்ஃபன்ட்டுடன் இணைந்து தயாரித்த ‘ஸ்டைல் வோர்ஸ்’ என்னும் விவரணப்படம் 1983 இல் வெளிவந்தது. சுரங்க ரயில்களிலே வண்ண எழுத்துகளால் தம் பெயரைத் தீட்டிய சிறுவரையும், தெருவில் நடனமாடியோரையும், ராப் சொன்னோரையும் அது படம்பிடித்தது. நகர முதல்வர் எட் கோச் அதிலே அவர்களைக் கண்டிக்கிறார். ஒரு சிறுவனின் தாய் தன் வீட்டுச் சமையலறையில் அவனோடு வாதாடுகிறார். இப்படத்தின் வரலாற்று மதிப்பு எதிலே தங்கியுள்ளது? இக்கலை எங்கே சென்று முடியும் என்பதை எவரும் அறியாதிருந்த வேளையில் அது எடுக்கப்பட்டது என்பதிலேயே. அச்சிறுவர் எதிர்காலத்தில் எவராவர் என்பது படமெடுத்தோருக்குத் தெரியாது, சிறுவருக்கும் தெரியாது. அந்த நிச்சயமின்மை படத்திலே உறைந்து நிற்கிறது. வெற்றி பெற்றபின் எழுதப்படும் சுயசரிதையில் இது கிட்டாது.

அஞ்சற் குறியீடு பெற்ற படம்

பம்பாய் நகரின் குர்லா மேற்குப் பகுதியின் அஞ்சற் குறியீட்டு எண் 400070. அவ்வெண்ணின் இறுதி இலக்கங்களையே பெயராகக் கொண்டது 2014 இல் திஷா ரிந்தானி எடுத்த ‘பொம்பே 70’ என்னும் குறும் விவரணப்படம். நேஸி என்னும் புனைபெயர் கொண்ட நாவேத் ஷேக் என்ற இளைஞரைப் பற்றியது அது. உழைக்கும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் குர்லாவிலே பிறந்த அவர், தம் பள்ளிப் பருவத்தில் யமேக்கப் பாடகர் ஷோன் போலின் பாடலொன்றைக் கேட்டு இக்கலையின்பால் ஈர்க்கப்பட்டார். யமேக்காவிலிருந்து புரோங்ஸுக்கு ஒரு குடியேறி எடுத்துச் சென்ற விதை, நாற்பதாண்டுகளின் பின் யமேக்காவிலிருந்தே பம்பாய்ச் சந்தொன்றுக்கு ஒலிவடிவில் வந்து சேர்ந்தமை இங்கு நோக்கற்பாலது.

நேஸி தமது ‘ஆஃபத்’ என்னும் பாடலை ஒலிப்பதிவுக் கூடம் எதன் உதவியுமின்றி, ஓர் ஐபேட் கருவியைக் கொண்டே பதிவு செய்தார். அதே கருவியிலேயே காட்சியும் பிடிக்கப்பட்டது. 2014 இன் தொடக்கத்தில் அது இணையத்திலே வெளியாயிற்று. உற்பத்திச் சாதனம் எவர் கையிலுள்ளது என்னும் வினா கலை வரலாற்றில் அடிப்படையானது. ஒலிப்பதிவுக் கூடமும் இசைத்தட்டுக் கம்பனியும் வானொலி நிலையமும் வாயிற்காவலராய் நின்ற காலத்திலே குர்லா இளைஞனின் குரல் வெளிவர வழியிருக்கவில்லை. கையடக்கக் கருவி அவ்வாயிலை ஓரளவு திறந்தது. முற்றாகத் திறந்தது என்பதற்கில்லை. கருவி அவர் கைக்கு வந்தாலும் சந்தை அவர் கைக்கு வரவில்லை.

2015 இல் டிவைன் என்னும் கலைஞருடன் நேஸி இணைந்து வெளியிட்ட ‘மேரே கல்லி மே’ என்னும் பாடல் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. ஸோயா அக்தரின் ‘கல்லி போய்’ என்னும் கதைப்படம் இவ்விருவரின் வாழ்வினாலும் உந்தப்பட்டு 2019 இல் வெளிவந்தது. விவரணப்படத்தையும் கதைப்படத்தையும் அருகருகே வைத்து நோக்குவோர் ஒரு முக்கிய வேறுபாட்டை உணர்வர். கதைப்படத்தின் நாயகன் தாராவிச் சேரியிலிருந்து எழுந்து போட்டியிலே வெற்றி வாகை சூடுகிறான். பார்ப்போர் மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். சேரி அவ்விடத்திலேயே இருக்கிறது. ஒருவன் மேலே வந்துவிட்டான் என்னும் மகிழ்ச்சி, ஏனையோர் ஏன் கீழே உள்ளனர் என்னும் வினாவை மறக்கச் செய்கிறது. விவரணப்படமோ வெற்றிக்கு முந்திய பொழுதிலே நிற்கிறது. அங்கே இருப்பவர் வென்றவரல்லர், முயல்பவர். வரலாற்று மாணவனுக்கு வென்றோரின் வரலாற்றை விட முயன்றோரின் வரலாறே அதிகம் கற்பிக்கிறது. வென்றோர் மிகச் சிலர். முயன்றோரே ஒரு தலைமுறை.

தாராவியைக் குறிப்பிடுமிடத்து அங்கு வாழும் தமிழரைக் குறிப்பிடாதிருத்தல் தகாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்றோர் தாராவியின் ஆரம்பக் குடிகளுள் அடங்குவர். 1966 இல் சிவசேனை தோன்றியபோது அதன் முதற் பகையாகச் சுட்டப்பட்டோர் தென்னிந்தியரே. மண்ணின் மைந்தர் என்னும் முழக்கத்தின் எதிரே, நகரத்தைத் தம் உழைப்பால் உருவாக்கியோர் அந்நியராக்கப்பட்டனர். அத்தாராவியிலே தோன்றிய ‘டோப்டெலிக்ஸ்’ என்னும் குழுவினர் தமிழ், இந்தி, மராத்தி முதலாய மொழிகளைக் கலந்து ராப் சொல்கின்றனர். பா. இரஞ்சித் 2018 இல் வெளியிட்ட ‘காலா’ திரைப்படத்திலே அவர்தம் பாடல்கள் இடம்பெற்றன. நிலமே அப்படத்தின் பொருள். தாராவியைப் புனரமைக்கும் திட்டத்தை மகாராட்டிர அரசு 2004 இல் முன்வைத்தது. 2022 இல் அதானி குழுமத்தின் ஏலக்கேள்வி அதற்குத் தெரிவாயிற்று. புரோங்ஸில் பெருந்தெரு; தாராவியில் புனரமைப்பு. வீடு நிலையற்றதாகும் இடத்திலே பாட்டு முகவரியைப் பற்றிக்கொள்கிறது. தன் தெருவின் பெயரையும் அஞ்சல் எண்ணையும் ராப் இளைஞன் திரும்பத் திரும்பச் சொல்வதை வெற்றுப் பெருமையாகக் கொள்ளலாகாது. நான் இவ்விடத்தவன் என்னும் உரிமைக் கோரிக்கை அது.

படப்பெட்டி தன் கையில்

மூன்றாவது விவரணப்படம் நமக்கு மிக நெருக்கமானது. மாதங்கி அருள்பிரகாசம் 1975 இல் லண்டனிலே பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 1980களின் நடுப்பகுதியிலே போர்ச்சூழல் காரணமாக அகதியாக மீண்டும் லண்டன் சென்றவர். ஈரோஸ் இயக்கத்தின் தோற்றுநருள் ஒருவராகிய அருளரின் மகள். எம்.ஐ.ஏ. என்னும் பெயரிலே அவர் வெளியிட்ட முதலாவது இசைத்தொகுதி 2005 இல் தந்தையின் பெயரையும், இரண்டாவது தொகுதி 2007 இல் தாயின் பெயரையும் தாங்கி வந்தன. ஸ்டீவ் லவ்றிட்ஜ் நெறிப்படுத்திய ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ என்னும் விவரணப்படம் 2018 இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவிலே காண்பிக்கப்பட்டு, உலக விவரணப்படப் பிரிவிலே நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது.

இப்படத்தின் தனித்தன்மை யாதெனில், இதன் பெரும்பகுதி மாதங்கி தாமே பல்லாண்டுகளாக எடுத்து வைத்திருந்த ஒளிப்பதிவுகளால் ஆனது. அவர் பாடகியாக வேண்டுமென்று தொடங்கியவரல்லர். சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரியிலே திரைப்படம் பயின்று, விவரணப்படம் எடுக்க விழைந்தவர். லவ்றிட்ஜ் அக்கல்லூரியில் அவருடன் பயின்ற நண்பர். 2001 இல் அவர் படப்பெட்டியுடன் இலங்கைக்கு வந்து தம் உறவினரிடையே எடுத்த காட்சிகளும் இப்படத்தில் உள்ளன. குர்லா இளைஞரைப் பிறரொருவர் படமெடுத்தார். இங்கோ அகதிப் பெண் தன்னையும் தன் குடும்பத்தையும் தானே படமெடுத்தாள். பார்க்கப்படும் பொருளாக இருந்தவள் பார்ப்பவளாகவும் ஆனாள்.

அவரது அரசியற் கூற்றுகளை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே உளர். போரின் கொடுமையை அனுபவித்த பல்வேறு மக்கட் பிரிவினரின் துயரையும் ஒருவர் குரல் அடக்கிவிட முடியாது. ஆயின், சான்றாகக் கொள்ளும்போது ஒருவரின் கருத்து சரியோ பிழையோ என்பது மட்டும் வரலாற்று மாணவனின் அக்கறையன்று. எத்தகைய இடப்பெயர்வு எத்தகைய குரலைப் பிறப்பித்தது என்பதும் அவனது அக்கறையாகும். அவ்வகையிலே, 1980களில் இந்நாட்டை விட்டகன்ற தலைமுறையொன்றின் இளமைக் காலத்தை அன்றாட நிலையிலே காட்டும் அரிய சான்றாக இப்படம் விளங்குகின்றது.

தமிழ் ராப் கடந்த பாதை

தமிழில் ராப் சொல்லும் முயற்சி ஓரிடத்தில் தோன்றி ஏனைய இடங்களுக்குப் பரவியதன்று. 1994 இல் ‘காதலன்’ திரைப்படத்தில் இடம்பெற்ற ‘பேட்டை ராப்’ சென்னைப் பேச்சுமொழியைத் தாளத்தோடு இணைத்துப் பெருவரவேற்புப் பெற்றது. கோலாலம்பூரிலே ‘பொயெட்டிக் அமோ’ குழுவினர் 1998 இல் வெளியிட்ட தொகுதியில் ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டனீஸ் ஆகிய மொழிகள் இடம்பெற்றன. அக்குழுவின் யோகி பி, ‘நட்சத்திரா’ குழுவினருடன் 2006 இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுதி தமிழுலகெங்கும் ஒலித்தது. 2018 ஜனவரியிலே சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடையேறியது. கானாவும் ராப்பும் அங்கே சாதி எதிர்ப்பின் குரலாயின.

அக்குழுவிலிருந்து அறிமுகமான அறிவு, பாடகி தீயுடன் இணைந்து 2021 இல் வெளியிட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’ நமது நாட்டு வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. அறிவின் முன்னோர் நிலமற்ற கூலிகளாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து, பின்னர் தமிழகம் திரும்பியோர். அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளே அப்பாடலுக்கு ஊற்று. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோரெனக் கணிக்கப்பட்ட 9,75,000 மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கென விடப்பட்டது. ஒப்பந்தத்திலே எண்களாக இருந்த மக்கள், இரண்டு தலைமுறைகளுக்குப் பின் பேரனின் ராப் பாடலிலே பெயர் பெற்றனர். அவ்வாண்டு ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அப்பாடலைச் சிறப்பித்தபோது அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறாமை பெருங் கண்டனத்துக்குள்ளாகி, பின்னர் அவருக்கெனத் தனி அட்டை வெளியிடப்பட்டது. பாட்டுப் புகழ்பெற்ற பின்னரும் பாடியவனின் முகம் மறைக்கப்படக்கூடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

கொழும்பு 6, கொழும்பு 13

இனி நமது நகரத்தை நோக்குவோம். கொழும்பு மாநகரும் அஞ்சல் எண்களால் பகுக்கப்பட்ட நகரமே. வெள்ளவத்தை கொழும்பு 6. கொட்டாஞ்சேனை கொழும்பு 13. கால்வாயைக் கடந்து தெஹிவளைக்குள் நுழைந்தால் கொழும்பின் எண் வரிசை முடிந்துவிடுகிறது. காலி வீதி மட்டும் தொடர்கிறது. எண்ணுள்ள நகரத்துக்கும் எண்ணற்ற புறநகருக்கும் இடையே தமிழ்க் குடும்பங்கள் வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்துள்ளன.

வெள்ளவத்தை எப்பொழுதும் மாடிக் குடியிருப்புகளின் பகுதியாக இருந்ததில்லை. அங்கிருந்த நெசவாலையிலே 1930களின் தொடக்கத்தில் மலையாளத் தொழிலாளரும் ஏனையோரும் இணைந்து நடத்திய வேலைநிறுத்தம் இந்நாட்டு இடதுசாரி இயக்க வரலாற்றில் இடம்பெற்றது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. உயிர் பிழைத்தோர் முகாம்களில் தங்கிக் கப்பலேறி வடக்கு நோக்கிச் சென்றனர். போர் நீடிக்க, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரும் வெளிநாடு செல்லக் காத்திருந்தோரும் மீண்டும் இதே வீதிகளுக்கு வந்தனர். 2007 ஜூன் 7 ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிசாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நகரத்தில் இருப்பதற்கு என்ன காரணம் என்னும் வினா அன்று ஒரு தமிழனிடம் அதிகாரத்தினால் கேட்கப்பட்ட வினா. புரோங்ஸ் இளைஞனும் குர்லா இளைஞனும் பெருமையோடு உரைத்த முகவரி, கொழும்புத் தமிழ் இளைஞனுக்குச் சோதனைச் சாவடியிலே நிரூபிக்க வேண்டிய ஒன்றாயிருந்தது.

கொட்டாஞ்சேனையின் வரலாறு வேறு வகைத்து. துறைமுகத்தை அண்டி வாழ்ந்த உழைப்பாளரும், செட்டியார் தெரு வணிகரும், கடைச் சிப்பந்திகளாக மலையகத்திலிருந்து வந்த இளைஞரும், கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வாழும் இடம் அது. அங்கும் அதனைச் சூழ்ந்த வடகொழும்பிலும் தோட்டம் அல்லது வத்தை எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள் உள்ளன. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டதன் பின், இத்தகைய குடியிருப்பாளர் பலர் உயர்மாடித் தொகுதிகளுக்கு மாற்றப்பட்டனர். பாதையும் புனரமைப்பும் பற்றி மேலே கூறியவை இங்கும் பொருந்தும்.

இச்சூழலிலே இளைஞர் பாட்டு தோன்றாதிருக்கவில்லை. 1970களிலே நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் வானொலி வழியே நாடெங்கும் பரவின. பேச்சுத் தமிழும் பைலாத் தாளமும் அவற்றின் பலம். 2000களில் கிருஷான் மகேசன் தமிழிலே ராப் பாடி இங்கு இரசிகரைத் திரட்டினார். தினேஷ் கனகரத்தினம் 2013 இல் ‘கடல்’ திரைப்படத்தின் ‘மகுடி’ பாடலிலே பங்கேற்றார். தமிழகத் திரையிசைக்குள் நுழைதலே வெற்றியின் அளவுகோலாக இருக்கும் நிலையையும் இது காட்டுகின்றது. சந்தை சென்னையில் இருக்கும்போது, கொட்டாஞ்சேனைத் தமிழ் சென்னைத் தமிழாக மாறும் நிர்ப்பந்தம் எழுகிறது.

எந்தத் தமிழ்? எவர் படப்பெட்டி?

இவ்விடத்தில் இரு வினாக்கள் நம்முன் எழுகின்றன. முதலாவது மொழி பற்றியது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகிலே மரபுப் போராட்டம் நிகழ்ந்தது. டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுவழக்கைக் கதைகளிலே கையாண்டபோது, அஃது இழிசனர் வழக்கென மரபுவாதிகளால் பழிக்கப்பட்டது. வரலாறு அப்பழிப்பின் பக்கம் நிற்கவில்லை. இன்று பல்கலைக்கழகங்களிலே அக்கதைகளைப் பாடமாகப் பயில்கிறோம். ஆயின், கொட்டாஞ்சேனை இளைஞன் சிங்களமும் ஆங்கிலமும் மலையகத் தமிழும் கலந்து ராப் சொல்லும்போது, அன்றைய பண்டிதரின் குரல் நம் வாயிலிருந்தே ஒலிப்பதைக் காண்கிறோம். ராப்பிலே பெண்ணை இழித்துரைக்கும் போக்கும் பண்டப் பெருமையும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை, அவை கண்டிக்கத்தக்கன. ஆயின், உள்ளடக்கத்தைக் கண்டிப்பது வேறு. மொழியையே இழிந்ததென ஒதுக்குவது வேறு. முன்னையது விமரிசனம், பின்னையது வர்க்கச் செருக்கு.

இரண்டாவது வினா, எவர் எவரைப் படமெடுக்கிறார் என்பது. 1934 இல் பஸில் றைட் எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’ உலக விவரணப்பட வரலாற்றிலே புகழ்பெற்றது. அதற்குப் பொருளுதவி புரிந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அதன் விவரணம் றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. குரல் கொடுத்தவர் லயனல் வென்ட். தேயிலையின் பணத்தால் எழுந்த அப்படத்திலே, தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளி பேசவில்லை. அழகு இருந்தது, குரல் இருக்கவில்லை. இதற்கு மாறாக, 1983 இல் சிறுவனாகக் கொழும்பிலிருந்து ரயிலேறித் தப்பிய யூட் ரட்ணம், 2017 இல் கான் விழாவிலே காண்பிக்கப்பட்ட ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்னும் விவரணப்படத்தைத் தாமே எடுத்தார். இவ்விரு படங்களுக்குமிடையே கடந்த எண்பத்துமூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம், பேசப்படும் பொருளாக இருந்தவர் பேசுபவராக ஆன மாற்றமே.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, நகர ராப் ஒரு மேனாட்டு நாகரிகப் பரவல் மட்டுமன்று. வீடும் தெருவும் உறுதியற்றுப் போகும் சூழலிலே இளைஞர் எழுப்பும் முகவரிக் குரல். இரண்டாவதாக, வெற்றிக்கதை சொல்லும் திரைப்படத்தினும், முயற்சியின் வேளையைப் பதிவு செய்யும் விவரணப்படமே வரலாற்றுக்கு நம்பகமான துணை. மூன்றாவதாக, படப்பெட்டி எவர் கையிலுள்ளதோ அவர் பார்வையே சான்றாக எஞ்சும்.

மில்மன் பரி ஒலித்தட்டுகளைச் சுமந்துகொண்டு மலைக் கிராமங்களுக்குச் சென்றார். அதனாலேயே அப்பாடகரின் குரல்கள் இன்றும் ஆய்வுக்குக் கிடைக்கின்றன. நாம் அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை. காலி வீதியில் ஓடும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினாலே போதும். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் உள்ளது. நமது தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கும் நடத்துகின்றன. அவற்றோடு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் ராப் சொல்லும் இளைஞரை அவர்தம் மொழியிலேயே பேசவிட்டுப் பதிவு செய்து, திகதியும் இடமும் குறித்து, நூலகத்திலே சேமித்து வைக்கும் பணியையும் மேற்கொள்ளலாம். அவர்களுள் பெரும்பாலோர் புகழடையப் போவதில்லை. சிலர் வெளிநாடு செல்வர், சிலர் கடையிலும் கந்தோரிலும் தொழில் தேடுவர், பாட்டு நின்றுவிடும். பதிவு செய்யவேண்டியதன் அவசரமும் அதிலேயே உள்ளது. 1983 இல் இந்நகரத் தமிழர் இழந்தவற்றுள் வீடுகளோடு எரிந்த நிழற்படங்களும் நாட்குறிப்புகளும் அடங்கும். அவற்றை எவராலும் மீட்க இயலாது. இன்று ஒலிக்கும் குரலையேனும் இழக்காதிருப்பது நம் கையில் உள்ளது.